பெருசின் இதயம்

"சின்னதுக்காக மட்டும் செபிச்சாப் போதும்க்கா," என்றாள் லிண்டா, தன் வயிற்றைக் காட்டி. "பெருசு எப்படியும் பொழச்சுக்கிடும். அதுதானே சின்னதோட ரத்தத்தையெல்லாம் உறிஞ்சிக் குடிக்குது."

வண்ணார்பேட்டையில் அவர்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்பியம் என்ற பெயரில் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். அன்று கூட்டம் லிண்டாவின் வீட்டில். கூட்டத்தை நடத்தும் கிரேஸி நெஞ்சில் கைவைத்து, "வயித்துக்குள்ளயே இந்தப் பாடா பிள்ள!" என்றாள். பிறகு எல்லோரும் முழங்காலிட்டுச் சின்னதுக்காகச் செபித்தார்கள். பெருசைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காலையில் எடுத்த ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்திருந்தது. கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து உண்டான கரு. இரட்டை என்று தெரிந்த அன்று அவள் கணவன் அலெக்ஸ், கங்கைகொண்டான் கம்பெனியில் தன் ஷிப்டு ஆட்கள் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்திருந்தான். ஆனால் பிள்ளைகள் இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றுதான். அதிலுள்ள ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகிடந்ததால், சின்னதின் ரத்தம் பெருசுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சின்னதைச் சுற்றிப் பனிக்குட நீரே இல்லை. அசைய இடமில்லாமல் ஓரமாக ஒட்டிக்கிடந்தது. பெருசைச் சுற்றியோ நீர் தளும்பியது. சென்னைக்குப் போய் அந்தக் குழாய்களை லேசரால் சுட்டு அடைக்க வேண்டும், அதற்கு முன்னால் இரண்டின் இதயத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சித்ரலேகா சொல்லி, மறுநாளும் வரச்சொல்லியிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு லிண்டா இட்லித் தட்டோடு உட்கார்ந்தாள். பெருசு உதைத்தது. உதைத்த இடத்தில் விரலை மடக்கிச் சுண்டினாள். லேசாகத்தான்.

"எல்லாம் உனக்கே வேணுமோ? பேசாம கெட," என்றாள்.

மறுநாள் அலெக்ஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, லிண்டா மட்டும் உள்ளே போனாள். சின்னதின் இதயத்தை டாக்டர் சீக்கிரமே பார்த்து முடித்தார். "இது நல்லாத்தான் அடிக்குது. ரத்தம்தான் பத்தல." பிறகு பெருசின் பக்கம் கருவியை நகர்த்தித் திரையையே உற்றுப் பார்த்தார்.

லிண்டா கேட்டாள்: "டாக்டர், பெருசுக்குப் போற வழிய மட்டும் அடைச்சுட்டா சின்னது தேறிருமா? பெருசுக்குக் கொறைஞ்சாலும் பரவாயில்ல."

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்கம்மா. இந்தச் சுவர் தடிச்சுப்போயிருக்கு. வால்வு சரியா மூடல. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பின்னால கசியுது. இந்த நீலம் தெரியுதுல்ல, அதுதான்."

"இது சின்னதா?"

"பெருசு. இப்ப எனக்கு இதை நெனைச்சாத்தான் பயமா இருக்கு."

"அதுக்குத்தானே டாக்டர் எல்லா ரத்தமும் போகுது?"

"போகுது. ஆனா அது கேட்டு வாங்கலையே. வந்து விழுறதையெல்லாம் தள்ளித்தான் ஆகணும். வேண்டாம்னு சொல்ல அதால முடியாது. ரெண்டு பேர் வேலைய இந்த இதயம் ஒத்தையில பாக்குது. அதான் தளர்ந்துபோச்சு."

லிண்டாவுக்கு முகம் தீயாக எரிந்தது. வயிற்றைத் துடைக்கக் கொடுத்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்த டாக்டர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அழுகையாக இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிறக்காத பிள்ளையைப் பற்றித் தெருப் பெண்களிடம் கோள் சொல்லியிருக்கிறாள், அதுவும் பொய்க்கோள். வீட்டுக்கு வரும் வழியில் கிரேஸி எதிரே வந்தாள். "என்ன சொன்னாங்க பிள்ள?" என்று கேட்டாள். "சென்னைக்குப் போகச் சொல்லுதாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு லிண்டா நடந்தாள்.

சென்னையில் லேசர் நல்லபடியாக முடிந்தது. திடீரென்று தன் ரத்தம் முழுவதும் தன்னிடமே தங்கியதில் சின்னதின் இதயம் சில நாள் திணறிப் பிறகு நிதானமடைந்தது. பெருசின் கசிவு ஒவ்வொரு ஸ்கேனிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உதைக்கும் இடத்தில் இப்போது லிண்டா உள்ளங்கையை வைத்தாள். வைக்கும்போதெல்லாம் மனசு கூசியது.

மாதம் நிறையும் முன்பே, திருநெல்வேலியில், இரண்டு பெண்களாகப் பிறந்தார்கள். பெருசு ரெனிஷா, சின்னது ரெனிட்டா. ரெனிஷாவுக்கு ஒரு வால்வு சற்றுக் குறுகல், வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் அன்பியத்துப் பெண்கள் கொசுவலையும் சட்டைகளுமாக வந்தார்கள். கிரேஸி ரெனிஷாவைத் தூக்கிக் கொஞ்சினாள். "இவதானே அந்த ரத்தம் குடிச்சவ! கன்னத்தப் பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படிச் சொல்லாதிய அக்கா," என்றாள் லிண்டா.

"சும்மா வெளாட்டுக்குத்தான பிள்ள."

"வெளாட்டுக்கும் வேண்டாம். அவ யாரு ரத்தத்தையும் குடிக்கல. கஷ்டப்பட்டதே அவதான். நான்தான் தெரியாம சொல்லிட்டேன். தெரிஞ்ச பொறவும் உங்ககிட்ட வந்து மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கிரேஸி பிள்ளையைப் பைய அவள் கையில் கொடுத்தாள். மற்றவர்கள் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"என்னட்டி சொன்ன அவங்ககிட்ட?" என்று வாசல் பக்கம் நின்று கேட்டிருந்த அலெக்ஸ் கேட்டான்.

லிண்டா எல்லாவற்றையும் சொன்னாள். விரலால் சுண்டியதையும், டாக்டரிடம் கேட்டதையும் விடவில்லை. அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். அலெக்ஸ் வந்திருந்த சட்டைகளில் ஒன்றை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

"சென்னையில, ஆபரேஷனுக்கு முன்னால டாக்டர் என்னத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரு," என்றான். "ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும்னு ஒரு நெலைமை வந்தா என்ன செய்யன்னு கேட்டாரு. இதயம் கெட்ட பிள்ளைய விட்டுருங்கன்னு சொல்லிட்டேன். யோசிக்கக்கூட இல்ல. இன்னைக்கு வரைக்கும் அவளத் தூக்கினா மொகத்தப் பாக்க முடியல."

மடியில் கிடந்த ரெனிஷா நெளிந்து அழ ஆரம்பித்தாள். லிண்டா அவளை அலெக்ஸிடம் நீட்டினாள். அவன் சட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

முகத்தைப் பார்த்தானா என்று லிண்டா கவனிக்கவில்லை. ரெனிட்டாவுக்குப் பால் கொடுக்க நேரமாகிவிட்டதென்று எழுந்து உள்ளே போனாள்.