ரப்பர் விட்ட ஒற்று

வீட்டில் அவளுக்கு ரப்பர் என்று பேர். சின்ன வயதில் நோட்டில் ஓட்டை விழுகிறவரை அழித்து அழித்து எழுதியதால் அக்கா வைத்த பேர் அது. கழுதை வயதாகியும் பேரும் போகவில்லை, புத்தியும் போகவில்லை. மூன்று வருடமாக ஒரு மாயக்கதை எழுதுகிறாள். முதல் அத்தியாயத்தை இன்னும் தாண்டியபாடில்லை. எழுதுவது பென்சிலால். ஏன் பென்சில் என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் அதற்கு நேர் எதிர். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தாலும் தன் காலைத்தான் குறை சொல்லுவாள். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், அக்கா இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுத்தாளர் வட்டம் ஒன்றில் பேர் கொடுத்துவிட்டாள்.

"உன்னை நீயே திட்டிக்கிட்டது போதும்டி. நாலு பேர் முன்னாடி வாசி. நல்லா இல்லைன்னா அவங்க திட்டட்டும், உனக்கு அந்தச் சிரமமாவது மிச்சம்" என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குள் ஒரு முடிவு எடுத்தாள். இன்றைக்கு வாசித்து அவர்கள் முகம் சுளித்தால், பென்சிலோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவது. இனிமேல் எழுத்து என்ற பேச்சே கிடையாது. இவள் இப்படிச் சொன்னால் செய்துவிடுகிற ஆள், அதுதான் வம்பு.

முடிவெடுத்தவள் சும்மா வரக்கூடாதா? வாசிக்கப்போகிற பக்கத்தை எடுத்து மறுபடி படித்தாள். நிழல்களின் அரசி குகைக்கு வெளியே வந்து, கதையின் நாயகிக்கு ஒரு வேல் கொடுக்கிற இடம். "வேலைத் தன் கையாலேயே கொடுத்தாள்" என்று இருந்தது. தன் கையால் கொடுக்காமல் பக்கத்து வீட்டுக்காரி கையாலா கொடுப்பாள் என்று தன்னையே நக்கலடித்துக்கொண்டு, 'தன் கையாலேயே' என்பதை அதற்கு முன்னால் ஒட்டியிருந்த 'த்'தோடு சேர்த்து அழித்தாள். அதற்குள் இறங்குமிடம் வந்துவிட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கூட்டம் நடப்பது ஒரு டிரைவிங் ஸ்கூலில். சாயங்காலம் வகுப்பு முடிந்தபிறகு அந்த அறை சும்மாதான் கிடக்கும். சுவர் முழுக்கச் சாலைக் குறிகள்: நில், திரும்பாதே, முந்தாதே, எதிரே வளைவு. மேஜைமேல் பாதியாக அறுத்து வைத்த ஒரு கியர் பெட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 'திரும்பாதே'க்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில்தான் உட்கார வேண்டியிருந்தது.

இருந்தது மூன்றே பேர். கூட்டத்தை நடத்துகிற டிரைவிங் டீச்சர் பேய்க்கதை எழுதுகிறவர். பக்கத்தில் ஒரு பல் டாக்டர். துப்பறியும் கதை எழுதுவார், அவர் கதையில் யார் செத்தாலும் பல்லை வைத்துத்தான் கொலைகாரனைக் கண்டுபிடிப்பார்கள். மூன்றாமவர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. கடைப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"வாம்மா. முதல்ல நீ யாருன்னு சொல்லு, அப்புறம் ஒரு பக்கம் வாசி. அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

'வணக்கம், நான் மாயக்கதை எழுதுகிறேன்.' வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் இதுதான். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"வணக்கம். நான்... எழுதறேன்னு சொல்றதே கொஞ்சம் அதிகம், அழிக்கறதுதான் ஜாஸ்தி. மாயக்கதை. ஆனா அதுல மாயம் ஒண்ணும் பெரிசா இல்லை. பேச்சு எழுத வராது. சண்டை வந்தா யாரு யாரை அடிக்கறாங்கன்னு எனக்கே புரியாது. முடிவு என்னன்னும் தெரியாது. உங்க நேரத்தை வீணாக்கறேன், மன்னிச்சிடுங்க."

பல் டாக்டர் விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், "ஆறு!" என்றார் குஷியாக.

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்ன ஆறு, டாக்டர்?"

"கப்பு. இங்க ஒரு சட்டம் உண்டு. தன்னைத் தானே ஒரு குறை சொன்னா, டீ முடிஞ்சதும் ஒரு கப் கழுவணும்."

"இருக்கறதே நாலு கப்தான்" என்றார் புரூஃப்காரர்.

"மிச்சம் ரெண்டை அடுத்த வாரம் கழுவட்டும்."

அடுத்த வாரம் என்றதும் சுருக்கென்றது. அடுத்த வாரம் அவள் வருவாளா மாட்டாளா என்பது இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும். அதை யாரிடம் சொல்வது? சிரித்து வைத்தாள்.

"சரி, பிரேக்கை விடு. வேலைக்குப் போறியா?" டீச்சர் கேட்டார்.

"லிஃப்ட் கம்பெனில, ஃபோன்ல. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கறவங்க மணிப் பொத்தானை அமுக்குவாங்க இல்லையா, அது எனக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேர்ற வரைக்கும் நான் அவங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கணும்."

"அட! என்னதான் பேசுவே?"

"எதையாவது. 'நான் லைன்லதான் இருக்கேன், எங்கயும் போகலை'ம்பேன். வீட்டுல யார் யார் இருக்காங்க, பையில என்ன இருக்குன்னு கேப்பேன். ஒருத்தர் பயத்துல அழ ஆரம்பிச்சு, கடைசியில பாட்டே பாடிட்டார். கதவு திறந்தப்புறமும் நிறுத்தலை, பாட்டை முடிச்சிட்டுத்தான் வெளியே போனார்."

இதைச் சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கம் இல்லை, ஒரு 'மன்னிச்சிடுங்க' இல்லை. டாக்டருக்கு விரலை மடக்க வேலையே இல்லாமல் போயிற்று.

"சரி, வாசி" என்றார் டீச்சர். போன நடுக்கம் ஓடி வந்து ஒட்டிக்கொண்டது.

இப்படிப் பயந்தவள் மனதில் இருப்பதையா வாசிப்பாள்? கண்ணுக்குத் தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக நகர்ந்தாள்.

"குகை வாசலில் அவள் நடுங்கிக்கொண்டு நின்றாள். உள்ளே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. நிழல்களின் அரசி படியிறங்கி வந்தாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் அவளுக்கு வேலை கொடுத்தாள்."

டாக்டர் கொல்லென்று சிரித்துவிட்டார். டீச்சர் தொடையைத் தட்டினார்.

அவ்வளவுதான், போச்சு. காது மடல் எரிந்தது. எந்த இடத்தில் சிரித்தார்கள் என்றுகூட அவளுக்குப் புரியவில்லை. மூன்று வருடம், ஒரே பக்கம், அதற்கும் சிரிப்பு. பையின் வாயைத் திறந்து பென்சிலை உள்ளே போட்டாள். எழுந்துபோக வேண்டியதுதான் பாக்கி.

"இந்தா, எங்கே கிளம்பிட்டே?" டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அருமையா இருக்கும்மா! எந்தக் கதையை எடுத்தாலும் கத்தி குடுப்பாங்க, மோதிரம் குடுப்பாங்க. பேய் மாதிரி ஒரு அரசி வந்து, நடுங்கிக்கிட்டு நிக்கற பொண்ணுக்கு வேலை குடுக்கறா பாரு! என்ன வேலைன்னு சொல்லு முதல்ல, மண்டை வெடிக்குது எனக்கு."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதற்குள் புரூஃப்காரர் கையை நீட்டி அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். ரப்பர் தேய்த்த இடத்தில் கறுப்பாக ஓர் ஈஷல். அவர் முகம் பல்வலி வந்தவர்போல் ஆனது.

"ஒற்று! ஒற்று விட்டுப்போயிருக்கு. நடுவுல என்னத்தையோ அழிச்சிருக்கே, அழிச்சவ 'க்' போட வேண்டாமா? வேலைக் கொடுத்தாள். வேல்! ஆயுதம்!"

"ஓ" என்றார் டாக்டர். "வேல்தானா."

அந்த 'தானா'வை அவள் கேட்டாள். பலூனில் காற்று இறங்கியதுபோல டாக்டர் நாற்காலியில் சாய்ந்ததைப் பார்த்தாள். டீச்சரும், எதிர்பார்த்த ஆள் வராமல் வாசலில் வேறு யாரோ நிற்பதைப் பார்த்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அவர்கள் சிரித்தது கேலி இல்லை. ஒரு நிமிஷம் அந்தக் கதை அவர்களுக்குப் பிடித்திருந்தது. நிஜமாகவே பிடித்திருந்தது.

"எனக்கென்னவோ வேலைவிட வேலைதான் நல்லா இருந்துச்சு" என்று முணுமுணுத்தார் டாக்டர்.

"நல்லா இருக்கோ இல்லையோ, தப்பு தப்புதான்." புரூஃப்காரர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். முனை காகிதத்தை நோக்கி இறங்கியது.

"போடாதீங்க!"

கத்தியது யார் என்று அவளே திரும்பிப் பார்த்திருப்பாள். பாய்ந்து பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கியர் பெட்டிமேல் முழங்கை இடித்தது. 'மன்னிச்சிடுங்க' தொண்டைவரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"தப்புதான் சார். பஸ்ல அழிச்சேன், அப்போ விழுந்துபோச்சு. நான் எழுதினது வேல்தான். ஆனா... 'க்' வேண்டாம்."

"அப்போ வேலை?"

"வேலை."

"என்ன வேலை?" டீச்சரும் டாக்டரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

நல்லா மாட்டிக்கொண்டாள். சுவரில் 'நில்' இருந்தது, 'திரும்பாதே' இருந்தது, விடை மட்டும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பயந்தவர்களிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியும். பயந்தது தானாக இருந்தால் மட்டும் தெரியாதா? நான் லைன்லதான் இருக்கேன், எங்கயும் போகலை. தனக்கே சொல்லிக்கொண்டாள். மூச்சு சற்று இறங்கியது. அப்புறம் அந்தக் குகையைப் பார்த்தாள். உள்ளே போன யாரும் திரும்பாத குகை. அப்படியென்றால் அவர்கள் எல்லாரும் இன்னும் உள்ளேதானே இருக்கிறார்கள்?

"உள்ள மாட்டிக்கிட்டவங்க இருட்டுல கிடக்கறாங்க" என்றாள் மெதுவாக. "கதவு எப்போ திறக்கும்னு அந்த அரசிக்கே தெரியாது. அது வரைக்கும் வாசல்ல உட்கார்ந்து அவங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கணும். ஒருத்தர்கூடத் தனியா இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அந்த வேலை."

புரூஃப்காரர் பேனாவை மூடிப் பைக்குள் செருகிக்கொண்டார். அவர் முகத்தில் பல்வலி இன்னும் போகவில்லை.

"போடலை, போ. ஆனா அடுத்த அத்தியாயம் கொண்டு வரணும்" என்றார்.

டீ முடிந்ததும், அறையின் பின்னாலிருந்த குழாயடியில் கப் கழுவப் போனாள். முதல் கப்புக்குச் சோப்புப் போடும்போதே ஃபோன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"என்னடி ரப்பர், வாசிச்சியா?" அக்காதான்.

"வாசிச்சேன்க்கா. ஒரு 'க்' விட்டுப்போச்சு."

"அய்யய்யோ! எல்லார் முன்னாடியுமா? அப்புறம், போட்டியா இல்லையா?"

அவள் கப்பை அலசிக் கவிழ்த்துவைத்தாள்.

"போடலைக்கா" என்றாள். "இன்னும் ரெண்டு கப் பாக்கி இருக்கு. அடுத்த வாரம் வந்து கழுவணும்."