தருமச் சீட்டில் ஒரு கடைவாய்ப் பல்

வேதனை என்பது ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களை மாத்திரம் புடமிடுகிற அக்கினி; அதைப் புன்னகையோடு தாங்குகிறவனே மெய்யான மனுஷன். சபைக் குருவான ஐயர் சுற்றுப்பயணம் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டைச் சபையின் பிரசங்க பீடத்தில் ஏறி நின்று வேதமுத்து இப்படி முழங்கினார். செவ்வாய்க்கிழமை காலை, பொரிகடலையில் கிடந்த ஒரு கல் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிளந்தது. பத்து மணிக்கெல்லாம் அடுக்களைத் தரையில் படுத்துப் புரண்டுகொண்டிருந்தார். புன்னகை செய்ய வாய் திறக்கவில்லை.

புரண்டதை யாரும் பார்க்கவில்லை என்பது முதலில் ஆறுதலாயிருந்தது. மனைவி சாரம்மாள் இறந்து ஏழு வருஷம். பிள்ளைகள் இல்லை. புதன்கிழமை கன்னம் வீங்கி, கண்ணை எட்டிப் பிடித்தபோது அந்த ஆறுதல் போய்விட்டது. வாசலில் நாற்காலி போட்டு, வீங்கிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி உட்கார்ந்தார். யாராவது ஒருத்தர் “என்ன ஐயா, கன்னத்துல?” என்று கேட்டால் போதும் என்றிருந்தது. போகிறவர்கள் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையோடு நடையை எட்டிப் போட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் வேதமுத்து சபையின் ஏழைகள் நிதிக்குக் காரியதரிசி. அவர் கையெழுத்திட்ட அச்சடித்த சீட்டு ஒன்று இருந்தால், மிஷன் மருந்துச் சாலை எதிலும் காசில்லாமல் வைத்தியம் பார்ப்பார்கள். சீட்டு வாங்குவதுதான் வியாதியைவிடக் கடினம். “வீட்டுல கோழி உண்டுமா? முட்டை போடுதா? அந்த முட்டை எங்க போவுது?” என்று தொடங்கினார் என்றால் கேட்க வந்தவருக்குக் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். யூனிஸ் என்கிற விதவை, பிள்ளையின் காதுவலிக்குச் சீட்டுக் கேட்டு வந்து, கம்மல் போட்டிருந்த குற்றத்துக்காகத் திரும்பிப் போனாள். கம்மல் பித்தளை. அதை அவர் விசாரிக்கவில்லை.

வியாழக்கிழமை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைக்கு நடந்தார். சென்னைப் பட்டணத்திலிருந்து வந்த பல் வைத்தியர் ஒருவர் அங்கே மாடியறை ஒன்றை மூன்று வாரத்துக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார். வைத்தியரைப் பார்க்கும் முன்னால் அவருடைய குமாஸ்தா காஜா முகைதீனைப் பார்க்க வேண்டியிருந்தது.

“பல்லைப் பாக்கதுக்கு ஒரு ரூவா அண்ணாச்சி. பிடுங்க ரெண்டு. வலி தெரியாம மரக்குத ஊசிக்கு ரெண்டு. ஆக அஞ்சு. திங்கக்கிழமை வாரும்.”

“இன்னைக்கே பிடுங்கணும்.”

“அப்பம் பத்து.”

“அதே பல்லுதானேவே?”

“பல்லு அதேதான். வலி அவசர வலில்லா?”

வேதமுத்துவிடம் இருந்தது ஒரு ரூபாய் இரண்டணா. பென்ஷன் பதினாலு ரூபாய் வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதில் ஒன்பது ரூபாய் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் போய்விட்டது. சபையார் காணிக்கையாகக் கொண்டுவருகிற காய், கோழி, முட்டை எல்லாவற்றையும் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். விலையைத் தாறுமாறாக ஏற்றுவதுதான் பக்தி. இரண்டணா பெறாத பூசணிக்காய் ஒன்றுக்கு ஜவுளிக்கடை அப்பாத்துரை எட்டு ரூபாய் என்றதும், வேதமுத்து எழுந்து நின்று ஒன்பது என்றார். கைதட்டல் அரை நிமிஷம் இருந்தது. அப்பாத்துரை சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

மேலக்கடைத் தெருவில் நாவிதர் நாலணாவுக்குப் பல் பிடுங்குவார். ஆனால் கடைத்தெரு நடுவில் முக்காலி போட்டுத்தான் பிடுங்குவார். எதிரே அப்பாத்துரையின் ஜவுளிக்கடை. பிரசங்கம் முடிந்து ஐந்து நாள் ஆகாத நிலையில், அங்கே உட்கார்ந்து அலறுவதற்கு வேதமுத்து தயாராக இல்லை. கடன் கேட்கலாம். அதற்கு ஒரு மனுஷன் பெயராவது நினைவுக்கு வர வேண்டும். வீடு வரும்வரை யோசித்தார். வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேஜையைத் திறந்து தருமச் சீட்டு ஒன்றை எடுத்தார். ‘பெயர்’ என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு, கொஞ்சம் நிம்மதியோடு, ‘அப்பாத்துரை’ என்று எழுதினார். தொழில்: இல்லை. நிலம்: இல்லை. வருமானம்: இல்லை. கோழி, ஆடு, மாடு: இல்லை. ஆதரிப்போர்: ஒருவருமில்லை. காரியதரிசி என்கிற முறையில் எழுதியதை ஒருமுறை சரிபார்ப்பது அவர் வழக்கம். பார்த்தார். கடைசி வரி ஒன்றுதான் நிஜமாயிருந்தது. அதை விசாரித்து அறிய வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. கீழே தம் கையெழுத்தைப் போட்டார்.

தம்மைத் தெரியாத ஊராகப் பார்த்து ஆழ்வார்குறிச்சிக்கு ரயிலேறினார். போக ஏழணா, வர ஏழணா. இலவச வைத்தியத்துக்கு இந்த வழியில் பதினாலணா ஆகிறது என்பதை ரயில் நகர்ந்த பிறகுதான் கூட்டிப் பார்த்தார்.

மருந்துச் சாலைத் தாழ்வாரத்தில் இருபது பேர் இருந்தார்கள். கம்பவுண்டர் தேவமணி சீட்டை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“அப்பாத்துரை. தொழில் இல்ல. கோழி இல்ல. ஆதரிக்க ஒருத்தருமில்ல.” கண்ணாடிக்கு மேலாக ஏறிட்டார். “பாளையங்கோட்டை வேதமுத்து ஐயா கையெழுத்தா! அந்தக் கல்நெஞ்சுக்காரரு ஒரு ஆளுக்குச் சீட்டு கொடுத்தாருன்னா நீரு மெய்யாவே பரதேசிதான்வே.”

“அவரு நல்ல மனுஷன்னு கேள்வி” என்றார் வேதமுத்து, துண்டுக்குள்ளிருந்து.

“உமக்கு யாரு சொன்னா?”

அதற்கும் பெயர் சொல்ல முடியவில்லை.

வரிசையில் உட்கார்ந்திருந்த இசக்கியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “பரதேசி கால்ல செருப்பப் பாத்தேளா? எங்க ஊர்ப் பண்ணையாருக்குக்கூட இப்படி இல்ல.”

“யாரோ தருமமாப் போட்டது” என்றார் வேதமுத்து. கம்மலைப் பற்றி யூனிஸ் இவ்வளவு நன்றாகப் பதில் சொல்லவில்லை.

தேவமணி துண்டைச் சற்றே தளர்த்தி, வாயை மட்டும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சீழ் பிடித்திருந்தது. இன்றைக்கு எடுக்காவிட்டால் தாடைக்கு ஆபத்து என்றார். பல் பிடுங்கும் குறடைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு, “கூட வந்த ஆளை வரச் சொல்லும்” என்றார்.

“கூட யாரும் வரலை.”

“தலை பிடிக்க ஆள் வேணுமேவே? இங்கன மரக்குத ஊசியெல்லாம் கெடையாது. நான் இழுக்கும்போது நீரு தலையத் திருப்பினா பல்லு பாதியில ஒடிஞ்சு போவும். தலை பிடிக்க ஆள் இல்லாம நான் கொறடத் தொடமாட்டேன். ஊருக்குப் போய் யாரையாவது கூட்டிட்டு வாரும்.”

வேதமுத்து தாழ்வாரத்தைப் பார்த்தார். ஓரத்தில், காலில் கட்டுப் போட வந்த சங்கிலிபூதத்தான் சுவரில் சாய்ந்திருந்தான். நெல் மூட்டை சுமக்கிற ஆள். கை உலக்கை மாதிரி இருந்தது.

“ஏலே, இங்க வா. தலையைப் பிடி.” முப்பது வருஷக் கச்சேரிப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

“யாரை ஏலேங்கீரு? தருமச் சீட்டுல வந்த ஆளுக்கு அதிகாரத்தப் பாரு!”

தாழ்வாரம் சிரித்தது. வேதமுத்து துண்டை அவிழ்த்தார். வீங்கிய முகத்தை முதன்முதலாக ஒரு மனுஷன் நேராகப் பார்த்தான்.

“கொஞ்சம் பிடிச்சுக்கிடும் தம்பி. ரெண்டணா தாரேன்.”

“பரதேசி மடியில ரெண்டணாவா?” என்றாள் இசக்கியம்மா.

“செருப்பு போட்ட புண்ணியவான் அதையும் போட்டிருப்பான்” என்று சங்கிலிபூதத்தான் எழுந்து நொண்டிக்கொண்டு வந்தான்.

நாற்காலிக்குப் பின்னால் நின்று, வேதமுத்துவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்தான். ஒரு கை நெற்றியில், இன்னொன்று வீங்காத கன்னத்தில். உமியும் வியர்வையும் கலந்த வாசனை. “பைய மூச்சு விடும். ஒண்ணுமில்ல. நான் பிடிச்சிருக்கேன்” என்றான். மாட்டுக்கு லாடம் அடிக்கும்போதும் அவன் இதையேதான் சொல்லியிருப்பான்.

தேவமணி குறடை வைத்து மூன்று முறை அசைத்தார். வேதமுத்து அலறியது ரயிலடிவரை கேட்டிருக்கும். பல் பீங்கான் கிண்ணத்தில் விழுந்தது. சீழும் ரத்தமும் வடிந்தன. வலி சட்டென்று பாதியாகக் குறைந்தது.

“முடிஞ்சுது. உப்புத் தண்ணி கொப்புளியும்” என்று தேவமணி அடுத்த சீட்டை எடுக்கப் போனார்.

சங்கிலிபூதத்தான் கையை எடுத்தான்.

“எடுக்காதிரும்” என்றார் வேதமுத்து. “இன்னும் கொஞ்ச நேரம் பிடியும்.”

“எதுக்குவே? பல்லுதான் வந்துட்டே.”

வேதமுத்து கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார்.

கூடுதல் நேரத்துக்குத் தனியாக ஓரணா ஆகும் என்றான் சங்கிலிபூதத்தான். வேதமுத்து கொடுத்தார்.