வலி காட்டிய ஒலி

டீச்சரம்மாவின் நினைவு ஆராதனைக்காகச் செய்து வந்திருந்த பலகையைப் பார்த்ததும் அவர் மகளுக்குத் தலை சுற்றியது. அவர் படத்துக்குக் கீழே, தங்க நிறத்தில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதியிருந்தது: ‘நமக்கு வலி காட்டிய ஒலி.’

‘வழி காட்டிய ஒளி’ என்று இருந்திருக்க வேண்டும். வாசகம் போதகருடையது. அவர் தொலைபேசியில் சொல்ல, அண்ணன் காதில் விழுந்ததை விழுந்தபடியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டான். போதகர் நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வாய்க்குள் ழகரமும் ளகரமும் காலெடுத்து வைத்ததே இல்லை. அண்ணனோ தமிழ் வகுப்பு நடக்கும்போதெல்லாம் வயிற்றுவலி வந்து படுத்தவன்.

“இதை இப்பவே எடுக்கணும் அண்ணா.”

“விடு. யார் கவனிக்கப் போறாங்க?”

கவனிக்கக்கூடிய ஒரே ஆள் படத்துக்குள் இருந்தார். மாற்றவும் நேரமில்லை. ஜனங்கள் உள்ளே வரத் தொடங்கிவிட்டார்கள்.

டீச்சரம்மா இந்த நாட்டில் வந்து இறங்கியபோது துணிமணியைவிடச் சான்றிதழ்கள்தான் கனம். கல்வி அலுவலகத்தில் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. அங்கேயும் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. மூலைக்கு மூலை பொருந்தவில்லை என்று பக்கத்தில் நிற்பவர்களையெல்லாம் மறுபடி மடிக்க வைத்தார். மேற்பார்வையாளரே அவரைக் கண்டால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

சனிக்கிழமை வந்தால் கோயிலின் கீழ்த்தளத்தில் தமிழ் வகுப்பு. ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் வகுப்பு மொத்தமும் சேர்ந்து சரியாகச் சொல்ல வேண்டும். அப்படியும் நாக்கு மடியாவிட்டால் காது திருகப்படும். காதுக்கும் நாக்குக்கும் நரம்பு ஒன்று ஓடுவதாக அவர் உறுதியாக நம்பினார். மகள் வளர்ந்து பல் மருத்துவமனையில் உதவியாளராகி, நாளெல்லாம் ஊரார் நாக்கைப் பார்த்தும், அந்த நரம்பை எங்கும் காணவில்லை. அவள் நாக்கும் கடைசிவரை ழகரத்துக்கு மடியவில்லை.

ஜெபத்திலும் அதே கதைதான். ஆண்டவருக்கே பாடம் எடுப்பார். “மாடி வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். வலது முழங்கால், ஆண்டவரே. போன வாரமும் இதையேதான் சொன்னேன்.” ஞாயிற்றுக்கிழமை போதகர் ‘கர்த்தர் வலி காட்டுவார்’ என்று பிரசங்கத்தில் முழங்கினால், முன் வரிசையிலிருந்து ‘வழி’ என்று ஒரு குரல் வரும். போதகரும் திருத்திக்கொள்வதாக நினைத்து ‘வலி’ என்பார். ஆராதனை முடிய நேரமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பேர்ப்பட்ட மனுஷியைத்தான் இப்போது ஒவ்வொருவராக எழுந்து வந்து பூனைக்குட்டி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா வந்தால் மாடிப்படியில் பதுங்குகிற பொருளாளர், “அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவங்க” என்று கைக்குட்டையை எடுத்தார். பாடற்குழுத் தலைவி, “யாரையும் குறை சொல்லத் தெரியாத வாய்” என்றாள். அந்த வாய்க்குப் பயந்துதான் அவள் பாட்டை வீட்டிலேயே பத்துத் தடவை பாடிப் பார்த்துவிட்டு வருவாள். போதகர் எல்லோரையும் தூக்கி அடித்தார்: “சாந்த சொரூபி.”

மகள் இன்னும் அழவில்லை. விசுவாசத்தில் உறுதியான பிள்ளை என்று ஊர் மெச்சியது. விசுவாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. இவர்கள் சொல்கிற அந்தச் சாதுவான அம்மாவை அவளுக்கு யாரென்றே தெரியாது. தெரியாதவருக்காக எப்படி அழுவது? பயம்தான் வந்தது. தேநீர் ஊற்றுவதற்குள் தன் அம்மாவை இவர்கள் இல்லாமல் ஆக்கிவிடுவார்கள், அப்புறம் தனக்கே அந்தப் பொய்தான் ஞாபகத்தில் நிற்கும் என்று பயந்தாள்.

அப்போது பின் வரிசையில் கிசுகிசுப்பு கிளம்பியது. பழைய சனிக்கிழமைப் பிள்ளைகள், இப்போது தொப்பையும் கண்ணாடியுமாக, பலகையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன்னையறியாமல் காதைத் தடவினான். அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு எழுத்தை மறைக்க ஓடினான்.

மகள் குறுக்கே போய் நின்றாள். “இருக்கட்டும்.”

“நீதானே எடுக்கணும்னு குதிச்சே? மானம் போகுது.”

“அம்மாவே போயிட்டாங்க. மானம் போனா போகட்டும். இன்னைக்கு இங்க இருக்கிறதுல அது ஒண்ணுதான் உண்மை.”

அண்ணன் மலர்வளையத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். அவள் ஒலிபெருக்கிக்கு முன்னால் போனாள்.

“பலகையில இருக்கிறது அச்சுத் தப்பு,” என்றாள். “பொருள்ல தப்பு இல்ல. அம்மா வலி காட்டினாங்க. என் காதைக் கேளுங்க, சொல்லும். ஒலியும் அவங்கதான். நாலு வீடு தள்ளிக் கேக்கும். அவங்க சாந்த சொரூபி இல்ல, ஐயா. எங்க அம்மாவை எங்களுக்கே தெரியாத ஆளா மாத்திடாதீங்க.”

போதகர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பொருளாளர் கைக்குட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்.

“அவங்க படிப்பை இங்க யாரும் மதிக்கல. சலவைக்கூடத்துல நின்னு நின்னு கால் வீங்கும். அந்தக் காலோடதான் வாரா வாரம் படி இறங்கி வந்து நமக்குப் பாடம் எடுப்பாங்க. நமக்காக அவ்வளவு உலைச்சாங்க.”

“உழைச்சாங்க,” என்றது பின் வரிசை.

யாரும் சொல்லிவைத்துச் செய்ததல்ல. தொப்பைகளும் கண்ணாடிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டுத் தாங்களே திடுக்கிட்டார்கள். ஒரு கணம் தாமதமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டே, போதகரும் அவளைத் திருத்தினார்.

“உலைச்சாங்க, மகளே.”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவையும் ழகரம் வரவில்லை. அழுகைதான் வந்தது.