இடது மூலை யானை

"இவருக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று டாக்டரம்மா கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "ஆறு மணிக்கு" என்றேன். ஆறு மணிக்குத்தான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்த அண்ணன் அப்படியே சரிந்தான். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. இடது கை துணி மாதிரித் தொங்கியது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா கரைக்கிற ஊசி போடலாம். நேரம் தாண்டிப் போட்டா தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஆளே போயிடலாம். அதுக்கு முன்னாடி சரியா இருந்தாரா?"

"மத்தியானம் பூரா என்கூட செஸ் ஆடிட்டிருந்தான் மேடம். நல்லாத்தான் இருந்தான்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். சுவர்க் கடிகாரத்தில் ஏழு மணி. ஊசியைத் தயார் பண்ணக் கால் மணி நேரம் ஆகும் என்றார் நர்ஸ். பெஞ்சில் அண்ணி அவனுடைய சட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊசி போட்டா எந்திரிச்சிடுவார் இல்ல?"

"எந்திரிச்சிடுவான் அண்ணி. நீங்க பயப்படாதீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு கேள்வி குறுக்கே வந்து விழுந்தது. நல்லாத்தான் இருந்தான் என்றால் என்னிடம் எப்படித் தோற்றான்? பதினோரு வருஷமாக ஒரு ஆட்டம்கூட நான் அவனை ஜெயித்ததில்லை. நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், பொறுமை இல்லாதவன், அவசரக் குடுக்கை. இன்று கிளப் இறுதி ஆட்டத்தில் அவனை மண்ணைக் கவ்வ வைத்தேன். கிளம்பும்போது அவன் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டான். "தோத்ததுல கண்ணு தெரியலையா?" என்று நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நகர்த்தல்களை நாங்கள் எழுதி வைத்த இரண்டு ஆட்டத்தாள்களும் என் பாக்கெட்டில் இருந்தன. ஜெயித்தவன்தான் இரண்டையும் கிளப்பில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் காட்டிப் பீற்றிக்கொள்ள நான் எடுத்து வந்துவிட்டேன். அண்ணன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதி எழுதி, செஸ் ஆடினாலும் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் மணி எழுதாமல் அவனால் இருக்க முடியாது. அதனாலேயே கிளப்பில் அவனுக்கு மணிக்கூண்டு என்று பெயர்.

யார் கை ஓங்குகிறது என்று சொல்லும் செஸ் ஆப்பைப் போனில் திறந்து, அவன் தாளைப் பார்த்து ஆட்டத்தை ஏற்றி, கடைசியிலிருந்து பின்னோக்கி நகர்த்தினேன். முப்பத்தெட்டாவது நகர்த்தலில் என் சிப்பாய் தடுக்க ஆளில்லாமல் ராணியானது. அவனுடைய இடது பக்கம். இருபத்தொன்பதில் அவன் யானை போனது. அதுவும் இடது பக்கம். இருபத்திரண்டில் குதிரையைச் சும்மா கொடுத்திருந்தான், மணி மூன்று முப்பத்தைந்து. அதற்கு முந்தைய நகர்த்தலில் ஆட்டம் சமம் என்றது ஆப்.

மூன்று முப்பத்தைந்து என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. அப்பாடா என்றிருந்தது. அதோடு போனை அணைத்திருக்கலாம்.

ஆனால் பதினான்காவது நகர்த்தல் உறுத்தியது. மணி இரண்டு இருபது. இடது பக்கம் நின்ற அவன் மந்திரியை என் சிப்பாய் மிரட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வலது பக்கக் குதிரையைத் தூக்கி வைத்தான். வேண்டுமென்றே பலி கொடுக்கிறான், ஏதோ பொறி வைக்கிறான் என்று பன்னிரண்டு நிமிஷம் மண்டையைக் குடைந்துகொண்டுதான் மந்திரியை வெட்டினேன். அதுவரை அவன் கை ஓங்கியிருந்தது, அந்த வெட்டில் என் பக்கம் சாய்ந்தது என்றது ஆப். அடுத்த மூன்று நகர்த்தலில் வலது பக்கமாகவே புகுந்து என் ராஜாவை மூலையில் முடக்கினான். ஆட்டம் மறுபடி அவன் பக்கம். மூளை கெட்டவன் இப்படி ஆடுவானா? அப்படியானால் அது பலிதான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குக் கெஞ்சத் தோன்றியது.

பதினெட்டுக்கு வந்தேன். எனக்கு அந்த இடம் மனப்பாடம். அவனுடைய இடது மூலையில் யானை, அதன் முன்னால் வழி முழுக்கத் திறந்து கிடந்தது. நேராக மேலே வந்தால் ஒரே நகர்த்தலில் என் கதை முடிந்தது. நேற்று ஆடக் கற்றவன்கூடப் பார்த்துவிடுவான். அவன் ஐந்து நிமிஷம் பலகையையே வெறித்துவிட்டு வலது பக்கம் ஒரு சிப்பாயைத் தள்ளினான். பிறகு எழுதினான்: இரண்டு நாற்பத்தெட்டு. தப்பித்தேன்டா சாமி என்று நான் மூச்சு விட்டேன். ஆட்டத்தில் பேசக் கூடாது, அதனால் என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அவன் கண்ணுக்கு அப்போதே இடது பக்கம் இல்லை. மந்திரியும் பலி இல்லை, அவன் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு இருபதுக்கே இல்லை. இப்போது ஏழு பதினான்கு. விரல் விட்டு எண்ணினேன், திரும்ப எண்ணினேன். ஐந்து மணி நேரம் ஆகப் போகிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊசி போட்டுவிடுவார்கள். பிழைக்கலாம், சாகவும் செய்யலாம். நர்ஸ் டிரேயோடு வந்தார், பின்னால் டாக்டரம்மா.

"மேடம், ஆறு மணி இல்ல" என்றேன். "ரெண்டு இருபது. அப்பவே அவனுக்கு இடது பக்கம் தெரியல."

"எப்படிச் சொல்றீங்க?"

தாளையும் போனையும் காட்டினேன். மந்திரியை, யானையை, கதவு நிலையில் இடித்த தோளை எல்லாம் உளறிக் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மணி எழுதியிருந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு நர்ஸைப் பார்த்து, "வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்றார். மற்ற சிகிச்சை நடக்கும், ஆனால் இடது பக்கம் திரும்புவது கஷ்டம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி எழுந்து வந்தார். சட்டை கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை.

"பக்கத்துலயே உக்காந்திருந்தியே. ஒண்ணுமே தெரியலையா உனக்கு?"

"யானையை நகர்த்தாம விட்டது தெரிஞ்சுது அண்ணி" என்றேன். "அண்ணன் அதைப் பார்த்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."