கூலருக்கு அடியில்

சொந்தக்காரர்கள் கருணாகரனுக்கு வைத்த பெயர் கம்ப்யூட்டர் கருணா. அவன் பார்த்ததென்னவோ ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. ஆனாலும் காஜா பேராங்கிலிருந்து கிளேபாங் வரை எந்த வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவனுக்குத்தான் போன் போகும். அவனும் ஸ்குரூடிரைவரும் கையுமாகப் போய் நிற்பான். அந்தப் பெயரில் அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன், நிறையவே இருந்தது.

கமலவேணி அவனுடைய அண்ணி. அண்ணன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. காஜா பேராங் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து கல்யாண அட்டைகளும் கோயில் பேனர்களும் வடிவமைத்துக் கொடுத்து, இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்த பழைய கம்ப்யூட்டர், ஒரு அட்டையைத் திறக்கச் சொன்னால் தண்ணீர் கொதிக்கவைத்துக் காப்பி குடித்து முடிக்கும்வரை யோசிக்கும். இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்டில், கடைகளில் சுதந்திர தின மெர்டேக்கா மலிவு விற்பனை தொடங்கியபோது அவனைக் கூப்பிட்டாள்.

"இத மாத்திக் கொடு, தம்பி. பெரிசா ஒண்ணும் வேணாம். கையில இருக்கறதுக்குள்ள முடிச்சிரு."

கருணாகரன் மூன்று வாரம் அதே நினைப்பாகத் திரிந்தான். எட்டுக் கோர் பிராசசர் கண்ணைப் பறித்தது. ஆனால் அண்ணியின் வேலைக்கு ஆறு கோர் தாராளம் என்று மனசை அடக்கிக்கொண்டு, பழையதாக நல்ல ஒன்றைப் பிடித்தான். அது பழைய மதர்போர்டின் சாக்கெட்டில் உட்காராது. ஆகவே போர்டையும் மாற்ற வேண்டும். போர்டு மாறினால் நினைவகமான ராமும் மாற வேண்டும். விற்றவன் சூட்டைத் தணிக்கும் கூலர் தரவில்லை, அதையும் வாங்கியாக வேண்டும். ஓரமெல்லாம் விளக்கு மின்னும் போர்டைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். விளக்கு மின்னினால் அட்டை சீக்கிரம் தயாராகிவிடுமா? சாதாரண போர்டையே எடுத்தான். மிச்சம் பிடித்ததில் செம்பு அடிப்பாகம் வைத்த பெரிய கூலராக வாங்கினான். தேர்வில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் வராது.

கடைக்காரர் சொற்பக் கூலிக்குத் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். நாலு ஆணி முடுக்கக் கூலியா என்று கருணாகரன் சிரித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி கொடுத்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே எல்லாவற்றையும் பூட்டினான். பேச்சு தடபுடலாக இருந்தது. கம்ப்யூட்டரும் உயிர் பெற்றது. அட்டைகள் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தன. கமலவேணி அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கமலவேணி அட்டை வெட்டும் கத்தி, பிரிண்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் மூன்று வருடமாக அவள் கையில் யாரும் தட்டைக் கொடுப்பதில்லை. இது அவள் வீடு, அவள் தொழில். கிளேபாங்கிலிருந்து வந்திருந்த கருணாகரனின் அத்தை சாரதாம்பாள் மட்டும், "ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வச்சிருப்பேனே" என்று முகத்தைச் சுளித்தாள். கருணாகரன் வழக்கம்போல் நெற்றியைக் குனிந்து காட்டினான். அவளும் வழக்கம்போல் திருநீறு பூசிவிட்டாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவனுக்கு அவள்தான் பூசிவிடுவாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய பேனர் வேலை ஒன்று வந்தது. புதுக் கம்ப்யூட்டரில் அவ்வளவு பெரிய வேலை அதுதான் முதல். பாதியில் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. கருணாகரன் ஓடி வந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, கம்ப்யூட்டர் கருணா ஆயிற்றே.

கமலவேணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் வச்ச சந்தனத்தாலயா, தம்பி?"

அவனாகச் சொல்லவில்லை, அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். இந்தச் சமாதானத்தைப் பிறகு எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை.

"இருக்கும், அண்ணி. காத்துப் போற ஓட்டகிட்ட வச்சிருக்கீங்க. ஈரம் எறங்கி போர்ட அடிச்சிருக்கும். புது போர்டு போட்டாத்தான் சரியா வரும்."

இரண்டே நாளில் விஷயம் கிளேபாங்வரை போய்விட்டது. போனில் அத்தை அவனிடமே சொன்னாள். "அவ கை படக் கூடாதுன்னுதானே அன்னிக்கே சொன்னேன்." அவன் ம் கொட்டினான்.

பேனர் வேலை வேறு ஆளிடம் போனது. கமலவேணி அடுத்த வாரமே புது போர்டு வாங்கி வைத்தாள். பழைய போர்டைக் கழற்றுவதற்காகக் கருணாகரன் முதலில் கூலரைத் தூக்கினான். அதன் செம்பு அடியில் ஏதோ பளபளத்தது. மெல்லிய பிளாஸ்டிக் தாள். கீறல் விழாமலிருக்கக் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புவது. மாட்டுவதற்கு முன் உரித்துவிட வேண்டும் என்று அதிலேயே ஆங்கிலத்திலும் சீனத்திலும் சிவப்பெழுத்தில் போட்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு சுவாரசியத்தில் அதை உரிக்காமலே பூட்டியிருக்கிறான். பிராசசரின் சூடு கூலருக்குப் போக வழியில்லாமல், வேலை கூடியபோதெல்லாம் அது தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருக்கிறது.

காது மடல்வரை அவனுக்குச் சுட்டது. அண்ணி அடுக்களையில் இருந்தாள். கூப்பிட்டுக் காட்ட அரை நிமிடம் போதும். அவன் தாளை உரித்து, மடித்துப் பர்சுக்குள் வைத்தான். தேவையில்லாத புது போர்டைப் பூட்டினான். எவ்வளவு பெரிய பேனரைப் போட்டாலும் கம்ப்யூட்டர் அசையவில்லை.

"நீ மட்டும் இல்லன்னா என்ன பண்ணிருப்பேன், தம்பி" என்றாள் கமலவேணி. "இனி இதுல நான் பொட்டு வைக்கவே மாட்டேன்." அவள் சுட்டுப் போட்ட தோசையை அவன் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

பழைய போர்டைத் தன் வீட்டில் வைத்துச் சோதித்தான். அதில் ஒரு பழுதும் இல்லை. அன்றிலிருந்து காசு எடுக்கப் பர்சைத் திறக்கும் போதெல்லாம் தாளின் ஓரம் கண்ணில் பட்டது. அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது. அதைத் தூக்கி எறியவும் துணிவில்லை.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, புது போர்டு போட்ட கம்ப்யூட்டருக்கு முறையாகப் பொட்டு வைக்கச் சாரதாம்பாள் அத்தை வந்தாள். கமலவேணியே கூப்பிட்டிருந்தாள். கருணாகரனையும் வரச் சொல்லியிருந்தாள். அவன் பழைய போர்டைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தான். வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தவன், வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

கமலவேணி சந்தனக் கிண்ணமும் திருநீறும் வைத்த தட்டை எடுத்து வந்தாள். முன்னறைக்குள் வரவில்லை. அடுக்களை நிலைப்படியில் நின்றபடியே கையை நீட்டி, "நீங்களே வைங்க, அத்த" என்றாள். சொந்த வீட்டில், சோறு போடும் கம்ப்யூட்டருக்கு நாலடி தள்ளி, அந்நிய ஆள் மாதிரி நின்றாள். அத்தை தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சந்தனத்தில் விரலைத் தொட்டாள்.

"வைக்காதீங்க, அத்த" என்றான் கருணாகரன்.

பர்சைத் திறந்து தாளை எடுத்தான். பையிலிருந்த போர்டையும் மேசைமேல் வைத்தான். "சந்தனத்தால ஒண்ணும் ஆகல. இந்தத் தாள உரிக்காம கூலர மாட்டிட்டேன். சூடு ஏறி ஏறித்தான் அணைஞ்சிருக்கு. இந்த போர்டும் நல்லாத்தான் இருக்கு. எல்லாம் நான் பண்ணது."

அத்தை விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றாள். "அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"அன்னிக்குத் தெரியாது, அத்த. போர்டு மாத்துனப்பத்தான் பாத்தேன்."

"பாத்த பெறகு?"

கேட்டது அண்ணி. அவன் தரையைப் பார்த்தான்.

"வெக்கமா இருந்துச்சு, அண்ணி."

கமலவேணி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். தாளைக் கையில் எடுத்து, சிவப்பெழுத்தை நிதானமாகப் படித்தாள். அதைப் பழைய போர்டுமேல் வைத்தாள். அத்தை ஒதுங்கி வழிவிட்டாள். கமலவேணி சந்தனத்தைத் தொட்டு, முன்பு வைத்த அதே இடத்தில், காற்றுப் போகும் ஓட்டைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்று கருணாகரனுக்கு இருந்தது.

திட்டவில்லை. பழக்கத்தில் அவன் நெற்றியைக் குனிந்து காட்டினான்.

குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். நெற்றியில் விரல் படவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கமலவேணி தட்டை அவன் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயே பூசிக்க, தம்பி."

அவன் தானே எடுத்துப் பூசிக்கொண்டான்.