அவள் கொத்திப் போட்ட மண்

சம்மன் வந்த அன்று கண்ணாடிக்காரர் அதை மனைவியிடம் காட்டவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது அவர் வேலை. பதினாறு வருடமாக அதே நாற்காலி, அதே இயந்திரம். அன்று காலையில் மட்டும் இரண்டு லென்ஸ்களை உடைத்தார். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். மகள் போன பிறகு அவரை யாரும் எதற்கும் கடிந்துகொள்வதில்லை.

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால், வாசல் பக்கம் தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். அன்று காலையில்தான் தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. இரும்பு மூடி திறந்து கிடந்தது. லாரிக்காரன் மூடாமல் போய்விட்டான் என்று தெருவே சொன்னது, போலீசும் அப்படியே எழுதியது. லாரிக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாமீனில் வெளியே வந்தவரை லாரி கம்பெனி வேலையை விட்டு நீக்கியது. வீட்டு உரிமையாளர் தொட்டிக்குள் மண்ணைக் கொட்டி, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்.

லாரிக்காரர் மூடிவிட்டுத்தான் போனார். மறுபடி திறந்தது கண்ணாடிக்காரர். பேசின அளவுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறானா என்று ஒரு சந்தேகம். மூடியைத் தள்ளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே போன் அடித்தது. கடையிலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ ஒருவருடைய லென்ஸுக்கு பவர் என்ன என்று கேட்டார்கள். சீட்டைத் தேடி எடுத்துப் படித்துச் சொன்னார். திரும்பி வந்தபோது தொட்டி ஓரத்தில் வாண்டுவின் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

லாரிக்காரன் மூடலையா என்று போலீஸ்காரர் கேட்டபோது அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா என்பது அவருக்கே தெரியாது. போலீஸ்காரர் எழுதி நீட்டினார். இவர் கையெழுத்துப் போட்டார்.

மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலையிலும் அங்கேதான் இருந்தாள். பிள்ளைகள் சத்தம் கேட்கும் இடத்துக்கு இனி போக முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒன்றரை மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். சோறு வைத்தால் இரண்டு வாய். அதற்கு மேல் தட்டை நகர்த்திவிடுவாள். ஒருநாள் காலை கொல்லைப்புறத்தில் டங் டங்கென்று சத்தம் கேட்டு அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். வீடு கட்டிய காலத்தில் உடைந்த செங்கல்லும் ஓடும் கொட்டி வைத்திருந்த இடத்தைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தாள். கை கொப்பளித்திருந்தது. கடப்பாரையை வாங்கப் போனார். தரமாட்டேன் என்றாள்.

இடிபாடுகளை அள்ளவே ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் மண்ணைக் கொத்தினாள், எருவைக் கலந்தாள், பாத்தி கட்டினாள். தக்காளி, வெண்டை, கத்தரி போட்டாள். விதை முளைத்த அன்று மத்தியானம் அவள் தூங்கினாள். பல வாரங்களுக்குப் பிறகு கண்ணயர்ந்த தூக்கம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும் ஆரம்பித்தாள். செடிகளோடு சண்டை போடுவாள். வளராத கத்தரியைப் பார்த்து, "ஒரு மாசமா அதே உயரத்துல நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று அவள் கேட்டதைக் கேட்டு, பின்வாசலில் டீயோடு நின்ற அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே உள்ளே போய்விட்டார்.

அந்தப் பாத்திக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. இன்னும் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது கோர்ட்டில் சாட்சி சொல்ல மீதி இருந்தது பத்து நாள். வாக்குமூலத்தில் இருப்பதை அப்படியே சொன்னால் போதும், பத்து நிமிட வேலை என்று அரசு வக்கீல் தைரியம் சொன்னார்.

இரண்டு முறை சொல்ல வாயெடுத்தார். ஒரு முறை அவள் வெண்டைக்குச் சாம்பல் தூவிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அவளாகவே இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? மூன்றாவது முறை அவளே பேச்சை எடுத்தாள். வக்கீல் வீட்டு போனுக்கும் கூப்பிட்டிருக்கிறார்.

"வியாழக்கிழமைதானே? நானும் வர்றேன். அந்த ஆளு மூஞ்சிய ஒரு தடவ நேரா பாக்கணும்."

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை, கடைக்கு லீவு சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் பின்வாசலிலேயே விட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்கினார். அவள் தக்காளிச் செடியைக் குச்சியோடு சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மூடிய திறந்தது நான்தான்" என்றார்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. எந்த மூடி என்று கேட்க வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"லாரிக்காரர் மூடிட்டுத்தான் போனார். எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாக்க நான் திறந்தேன். போன் வந்துச்சு. உள்ள போயிட்டேன்."

கையில் இருந்த முடிச்சை அவள் போட்டு முடித்தாள். அப்புறம் கேட்டாள். "யாரு போன்ல?"

"கடையிலேருந்து. ஒரு பவர் கேட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம். அஞ்சு இருக்கலாம்."

திட்டுவாள், அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளத் திட்டித் திட்டித்தான் இத்தன மாசமும் இத கொத்தினேன்" என்றாள். "ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு சாபம். அவன் பிள்ளைங்களுக்கும் சேர்த்து."

மிச்சமிருந்த துணிக்கிழிசலைக் கீழே போட்டாள்.

"நாளைக்கு அங்க சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"சொல்லுங்க." கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். அரை மணி நேரத்தில் ஒரு பையோடு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை அவர் கூண்டில் ஏறி நின்றார். எதிரே லாரிக்காரர் தொளதொளத்த சட்டையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். அரசு வக்கீல் கேட்ட முதல் கேள்விக்கே இவர் புதன்கிழமை சொன்னதைச் சொல்லிவிட்டார். வக்கீல் கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். நீதிபதி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இரண்டாவது முறை சொல்லும்போதுதான், கடைசி பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருப்பதைக் கண்டார். முடிந்ததும் அவள் எழுந்து லாரிக்காரரிடம் போய் ஏதோ பேசினாள். இவர் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் அவரும் செடிகளும்தான். மூன்றாம் நாள் அவள் போன் செய்தாள்.

"வெண்டைக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

ஊற்றவில்லை. ஊற்றுகிறேன் என்றார். வைக்கப் போனவள், "அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். திட்டினதுக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு போன் வரும். தண்ணீர், புழு, களை, இவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் ஆறு மணியிலிருந்தே போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அவருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் லென்ஸில் தலைமுடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிற கண். இலைக்கு அடியில் ஒட்டியிருந்த பூச்சி முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நசுக்கினார். மண்டியிட்டுக் களை பிடுங்கினார். இத்தனை நாளும் வாண்டுவின் முகத்தை நினைத்தால் தொட்டி வந்து நின்றுவிடும். கை மண்ணில் இருக்கும்போது அப்படி ஆகவில்லை. பல் விழுந்ததற்கு அவள் அழுதது, கடைக்கு வந்து எல்லாக் கண்ணாடியையும் மாட்டிப் பார்த்தது எல்லாம் ஞாபகம் வந்தன. கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரர் லாரிக்காரருடைய வீட்டைத் தேடிப் போனார். வழக்கிலிருந்து அவரை விடுவித்துவிட்டார்கள். வேறொரு கம்பெனியில் வேலையும் கிடைத்திருந்தது. உள்ளே வாங்க என்று அவர் சொல்லவில்லை.

"ஸ்கூல்ல என் பொண்ண என்னன்னு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் வாசலில் நின்றபடியே. "கோர்ட்ல உண்மைய சொன்னீங்க. சரி. இனிமே இங்க வராதீங்க."

மூன்று வாரம் கழித்து மனைவி வந்தாள். பையை இறக்கி வைக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனாள். இரண்டு கத்தரிச் செடிகள் வாடிக் கிடந்தன. ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள்.

"அழுகிப் போச்சு. யாரு இவ்வளவு தண்ணி ஊத்தச் சொன்னது?"

"நீதான் தினமும் ஊத்துனீங்களான்னு கேட்ட."

"கேட்டா? ஊத்திக்கிட்டே இருப்பீங்களா?"

இன்னொன்றையும் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுட்டு வந்துட்டேன்னு நினைக்காதீங்க."

"நினைக்கல."

"மன்னிப்பேனான்னும் தெரியல. அக்கா வீடு மூணாவது மாடி. அங்க ஒரு கைப்பிடி மண்ணு கிடையாது." பிடுங்கிப் போட்ட செடியின் வேரிலிருந்து மண்ணை உதறினாள். "அன்னைக்குக் காலையில இருந்து சொல்லுங்க. அவ எந்திரிச்சதுல இருந்து. எதையும் விடாம சொல்லணும்."

அவர் சொன்னார். வாண்டு பாலைக் குடிக்க மறுத்ததிலிருந்து தொடங்கினார். நடுநடுவே அவள் நிறுத்தி, என்ன கலர் கவுன், எந்தக் கால் செருப்பு என்று கேட்டாள். கேட்டபடியே கை களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. சொல்லி முடிக்கும்போது வெயில் சுவரைத் தாண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் முகமெல்லாம் மண்.

அவர்மீது வழக்குப் போடுவதா வேண்டாமா என்று போலீஸ் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அவள் முன்னறையில் படுக்கிறாள், அவர் உள்ளறையில். சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள். சில நாள் காலையில் இரண்டு டம்ளர் டீயை அவளே கொல்லைக்கு எடுத்துக்கொண்டு வருவாள்.

போன வாரம் சுவரோரம் தானாக முளைத்த பீர்க்கங்கொடிக்குப் பந்தல் போட்டார்கள். அவர் கம்பைப் பிடித்துக்கொள்ள, அவள் குழியில் கல்லைப் போட்டு இறுக்கினாள்.

"சாய்ஞ்சிருக்கு" என்றாள்.

"நேராத்தான் இருக்கு."

"கண்ணாடிக் கடையில வேல பாக்குறீங்க, இதுகூடத் தெரியலையா? இந்தப் பக்கம் தள்ளுங்க."

அவர் தள்ளினார். அதுவும் சரியில்லை என்றாள்.