மூன்று இடத்திலும் ஒன்றுபோல

அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மாஹிரா அந்த ஃபோல்டரை மூன்றாவது முறையாகத் திறந்தாள். காலியாகத்தான் இருந்தது. மூடித் திறந்தால் போனது வந்துவிடும் என்று நம்புகிற வாடிக்கையாளர்களைத் தினமும் எட்டு மணி நேரம் போனில் சமாளிப்பதுதான் அவளுடைய வேலை. இப்போது அவளே அதைச் செய்துகொண்டிருந்தாள்.

கூடத்தில் அவளைப் பெற்ற அத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலை நாலரை மணிக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. எட்டு மணிக்கெல்லாம் ஆம்புலன்ஸ் உத்திரமேரூர் வந்துவிட்டது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார்கள். அம்மா ஷாஜாதி சுவரில் சாய்ந்து, யார் வந்து கையைப் பிடித்தாலும் ஒரே மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் மைக்கில் சொல்லியாகிவிட்டது. அடுப்புப் பற்றவைக்காத நாள் என்பதால் சமையலறையில் மட்டும்தான் ஆள் இல்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. ஷார்ஜாவிலிருந்து தம்பி நவாஸ். அவனுக்கு ராத்திரி விமானத்தில்தான் சீட் கிடைத்திருந்தது. வந்து சேரும்போது மண் காய்ந்திருக்கும். அத்தா அவனுக்காகப் பேசிப் பதிந்து வைத்திருப்பதை விடியற்காலையில் அவள்தான் சொல்லியிருந்தாள். அதிலிருந்து அவன் வேறு எதையும் கேட்கவில்லை. மண் போடுவதற்குள் அத்தா பேசியதைக் கேட்டுவிட வேண்டும், அனுப்பு என்பது ஒன்றுதான். ஐந்து தடவை அதையே எழுதியிருந்தான்.

அத்தாவுக்கும் அவனுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷமாகிறது. அத்தா, ஊராருக்கு அத்தாவுல்லா, கடைத்தெருவில் வைத்திருந்தது சின்னத் துணிக்கடை. ரம்ஜான் கூட்டத்தில், கடை நிறையப் பெண்கள் இருக்கும்போது, நைட்டியும் பாவாடையும் விற்றுக்கொண்டு இந்த ஊரிலேயே சாகச் சொல்கிறாயா என்று நவாஸ் கேட்டுவிட்டான். அத்தா துணியை மடித்தார். மூன்று மாதத்தில் அவன் விமானம் ஏறினான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும். மகனே முதலில் பேசட்டும் என்று இவர், அத்தா கூப்பிட்டால் பேசுகிறேன் என்று அவன். நடுவில் இரண்டு பேரின் வீம்பையும் சுமந்து சுமந்து மாஹிராவுக்குச் சலித்துப்போயிருந்தது.

பத்து நாளைக்கு முன்னால், வேலைக்கு நடுவே, அத்தாவின் போனிலிருந்து புதிதாக ஒரு ஒலிப்பதிவு வந்திருப்பதாக லேப்டாப் காட்டியது. என்னவென்று தெரியாமல் திறந்தாள். தொண்டையைக் கனைத்துவிட்டு, "நவாஸு, அத்தா பேசறேன்பா" என்றது குரல். சட்டென்று நிறுத்திவிட்டாள். மறுநாள் காலையில் நாஷ்டா சாப்பிடும்போது அவரே பேச்செடுத்தார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"அவனுக்குப் பேசி வச்சிக்கீறேன். நீ அனுப்பிடாத. நான் சொல்லும்போது அனுப்பு."

அன்று மத்தியானமே கல்லாவுக்குப் பக்கத்தில் விழுந்தார். அப்புறம் அவர் எதையும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விஷயத்தில் அத்தா பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று மாஹிராவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அத்தாவின் போன், கடைக் கம்ப்யூட்டர், தன்னுடைய லேப்டாப் மூன்றையும் இணைத்து வைத்தது அவள்தான். புதுச் சரக்கு வந்தால் அத்தா போனில் படம் எடுப்பார். ஒயர் வேண்டாம், பட்டன் வேண்டாம், படம் தானாகக் கடைத் திரைக்கு வந்துவிடும். காவாந்தண்டலத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அந்த மூன்றாவது பூப்போட்டதை எடுங்கள் என்பார்கள். மகள் செய்த ஏற்பாடு என்று அவர் வந்தவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வார். படம் மட்டும் என்றில்லை, போனில் பதிவான பேச்சும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. ஒன்றில் சேர்த்தால் மூன்றிலும் சேரும். ஒன்றில் அழித்தால் மூன்றிலும் அழியும்.

இந்த இரண்டாவது விஷயத்தை அவள் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். ஆனால் மூன்று நாளுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் கேட்ட ஸ்கேன் படத்தை வாங்கிக்கொள்ள அத்தாவின் போனில் இடமில்லை என்று வந்தபோது, அவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. சரக்கு அனுப்புகிற ஈரோட்டுக்காரர்களிடம் அத்தா பேசிய பேச்சு ஆயிரக்கணக்கில் பதிவாகிக் கிடந்தது. அந்த ஃபோல்டரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். லேப்டாப்பில் இருக்கிறது, கடையிலும் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அழித்தாள். லேப்டாப் அவள் மடியில்தான் இருந்தது, நெட்டோடு. அது சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாகத் தன்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டது. மூன்று நாளாக அவள் அதைப் பார்க்கவேயில்லை.

ஆனால் கடைக் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. அத்தா விழுந்த அன்று சாத்திய ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. ஒன்பது நாளாக அது நெட்டைப் பார்க்காததால், அழிக்கச் சொல்லி அதற்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தால் போதும், அந்தப் பதிவை ஒரு பென்டிரைவில் எடுத்துவிடலாம்.  'கீது. ஒரு மணி நேரத்துல அனுப்பறேன்' என்று நவாஸுக்கு எழுதிவிட்டு, கூடத்துக்குப் போய் அம்மாவின் காதோரம் குனிந்து கடைச்சாவி எங்கே என்று கேட்டாள்.

"உன் மாமு எடுத்துக்கினு போச்சு" என்றாள் அம்மா. "கஃபன் துணி எடுக்க. வேற கடையில வாங்கறதான்னு கோச்சிக்கினு போச்சு."

ஊரில் எந்த வீட்டில் மௌத் ஆனாலும், இறந்தவருக்குச் சுற்றுகிற வெள்ளைக் கஃபன் துணி அத்தாவுல்லா கடையிலிருந்துதான் போகும். எந்த நேரமானாலும் அத்தா எழுந்துபோய் ஷட்டரைத் தூக்குவார். அம்மாவின் தம்பி சேட்டு மாமு, மச்சானுக்கு மட்டும் வெளியிலிருந்து துணி வாங்குவாரா. அவர் போனதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு, மெயின் சுவிட்சில் இருந்தது.

கடையில் மெயினைப் போட்டால் விளக்கு, ஃபேன், நெட் பெட்டி, கம்ப்யூட்டர் எல்லாமே ஒன்றாக உயிர் பெறும். கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருக்க அத்தாவுக்குப் பொறுமை இல்லை. பொழுதுக்கும் கரண்ட் வேறு போய்ப் போய் வரும். அதனால் கரண்ட் வந்தால் அது தானே ஆன் ஆகிறமாதிரி மாற்றி வைத்ததும் அவள்தான்.

மாமுவுக்குப் போன் செய்தாள். மணிச் சத்தம் ஃபிரிட்ஜின் மேலிருந்து கேட்டது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். கடைக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற சாம்சனைக் கூப்பிட்டாள். ஓடிப்போய் மெயினைத் தொடவேண்டாம் என்று சொன்னால் போதும். முழு ரிங் போய் நின்றது. திரும்பவும் போட்டாள். ஸ்கூட்டியை எடுக்கலாம் என்று வாசலுக்கு வந்தால், ஷாமியானாக்காரன் அதன் கைப்பிடியில்தான் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தான். பக்கத்து நாற்காலியில் சாம்சன் துக்கமாக உட்கார்ந்திருந்தான். அவன் பேண்ட் பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. மரியாதைக்காகச் சைலண்டில் போட்டிருந்தான்.

அவள் அவனிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். அத்தா மய்யித்தாகக் கிடக்கும்போது மகள் கடைத்தெருவுக்குப் போகிறாள், அதுவும் இன்னொருத்தன் வண்டியில். வாசலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. திரும்பட்டும் என்று இருந்தது. நெல் மண்டி வாசலில் தெருவை அடைத்தபடி ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்தது, முன்னால் போகவே இல்லை. விஷயத்தைக் கேட்ட சாம்சன் இடைவிடாமல் ஹார்ன் அடித்தான்.

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே டியூப்லைட் வெளிச்சம்.

சேட்டு மாமு தரையில் பாய் விரித்து மண்டி போட்டிருந்தார். வெள்ளைத் துணியைக் கையால் கிழித்துக்கொண்டிருந்தார். மூக்கு ஒழுகியதைத் துடைக்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால் திரையில் புது வரவு நைட்டிகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. மாஹிரா குனிந்து நுழைந்து, மேஜைக்கு அடியில் கையை விட்டு நெட் ஒயரைப் பிடுங்கினாள். ஃபோல்டரைத் திறந்தாள். பாவாடை, லுங்கி, ஸ்கூல் யூனிஃபார்ம் படங்கள் ஒன்று விடாமல் இருந்தன. பதிவுகள் ஒன்றுகூட இல்லை. திரை ஓரத்தில் பச்சைக் குறி போட்டு, எல்லாம் சரியாக உள்ளது என்று அது அவளுக்குச் சொன்னது.

"யாரைக் கேட்டு மெயினப் போட்டீங்க?" என்றாள். சத்தமாகவே வந்தது.

மாமு திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இருட்டுல எப்டிமா கஃபன் கிழிக்கறது?" என்றார். "அது தானா வந்துச்சு. நான் எதையும் தொடலமா."

 சாம்சன் கம்ப்யூட்டரை உடனே அணைத்தான். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் தோண்டி எடுக்கலாம் அக்கா, காஞ்சிபுரத்தில் ஆள் இருக்கிறான் என்றான். போன வருஷம்தான், மெதுவாக ஓடுகிறது என்று அத்தா புலம்பியதற்காக, வேகமான புது டிஸ்க் வாங்கிப் போட்டிருந்தாள் மாஹிரா. அதில் அழித்தால் அழித்ததுதான். பழைய பிரதிகளைத் தனியாக எடுத்து வைக்கட்டுமா என்று மூன்றையும் இணைக்கும்போது அந்த மென்பொருள் கேட்டது. இடத்தை அடைக்கும் என்று வேண்டாம் என்றதும் அவள்தான். எங்கேயும் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவள் செய்து வைத்தது எல்லாமே, செய்து வைத்தபடியே வேலை செய்திருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எதையாவது எடுத்துத் தரையில் அடிக்கவேண்டும் போலிருந்தது. கடையில் எல்லாமே துணியாக இருந்தது.

மாமு துணியை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு நேரம் ஓடிவிட்டது. அத்தாவைக் குளிப்பாட்டிக் கஃபன் உடுத்தினார்கள். அம்மா கடைசியாக முகம் பார்த்தாள். ஆண்கள் வாசலில் மய்யித்தைத் தூக்கும் சந்தூக்கைக் கொண்டுவந்து வைத்தபோது போன் அதிர்ந்தது. மாஹிரா சமையலறைக்குள் போய் எடுத்தாள்.

"ஒரு மணி நேரம்னியே" என்றான் நவாஸ்.

ஆஸ்பத்திரியிலும் கடையிலும் நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். நெட் சரியில்லை, போன் ரிப்பேர் என்று ஒரு பொய்யும் அவளுக்கு வாய்க்கவில்லை. நான்தான் அழித்தேன் என்று முடித்தாள்.

"கம்ப்யூட்டர் படிச்சவ தானே நீ" என்றான். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கற இல்ல?"

"ஆமா."

"அப்பவே எனக்கு ஒண்ணு அனுப்பிருந்தா இன்னா?"

"அவரு வேணாம்னாரு."

அவன் கெட்ட வார்த்தையில் யாரையோ திட்டினான். அவளையா, அத்தாவையா, தன்னையேவா என்று தெரியவில்லை. திட்டட்டும் என்று காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றாள். அவன் அழுது முடிக்க நேரமாயிற்று.

"இன்னா சொன்னாருன்னாவது கேட்டியா?"

"உன் பேரைச் சொன்னாரு. அதுக்கு மேல கேக்கல. உனக்குப் பேசினதுன்னு நிறுத்திட்டேன்."

அப்புறம், கேட்கலாமா என்று யோசித்ததுபோல, "எவ்ளோ நேரம் பேசியிருந்தாரு?" என்றான்.

திறந்த அன்றைக்கு அது அவள் கண்ணில் பட்டிருந்தது.

"பதினோரு நிமிஷம்."

"எங்கிட்டயா?"

"உங்கிட்டதான்."

 அவன் பக்கத்தில் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. வாசலில் கலிமா சொல்லத் தொடங்கினார்கள். பெண்களின் அழுகை ஒரேயடியாக எழுந்தது.

"தூக்கிட்டாங்களா?" என்றான்.

"தூக்கறாங்க."

"கட் பண்ணாத."

பெண்கள் அடக்கத்துக்குக் கபரஸ்தானுக்குப் போவதில்லை. மாஹிரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சேட்டு மாமு சந்தூக்குக்குத் தோள் கொடுக்கக் குனிந்துகொண்டிருந்தார். நவாஸ் என்று சொல்லிப் போனை நீட்டினாள். அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாங்கிச் சட்டையின் மேல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

சந்தூக்கு தெருவில் இறங்கியது. ஆட்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். மாமு மட்டும் சந்தூக்கின் முன்காலை யாருக்கும் விடவில்லை. ஒரு கை அதைத் தாங்கியிருந்தது. இன்னொரு கையால், கீழே விழுந்துவிடாதபடி, பாக்கெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே நடந்தார்.